கிட் முறையில் தனியாள் விலக்கு விதிகளும் அமைவுக் கோப்புகளும்

ஒரு நூலைப் பலர் கூடிப் பதிப்பிக்கும்போது, நூலுக்கு உரியது யாது, பதிப்பிப்பார் ஒவ்வொருவர்க்கும் உரியது யாது என்னும் வேறுபாடு முதற்கண் தெளியப்பட வேண்டும். ஏட்டின் ஓரத்தில் ஒருவர் தம் நினைவிற்காகக் குறித்து வைத்த தொடர், அவ்வேட்டைப் பின்னர்ப் படியெடுத்தவரால் மூலமெனக் கருதப்பட்டு உள்ளே புகுந்து, இடைச்செருகலாய் நிற்பதனைச் சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் பலகாலும் கண்டுள்ளனர். ஓலை போய்த் தாள் வந்து, தாளோடு கணினிக் கோப்பும் வந்துள்ள இந்நாளிலும் அவ்விடர் முற்றும் நீங்கவில்லை.

மூலபாடம், பாடவேறுபாடு, சொல்லடைவு ஆகியவற்றைக் கோப்புகளாக வைத்து, அவற்றில் நிகழும் மாற்றங்களைக் ‘கிட்’ என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறையால் பேணும் பழக்கம் நிரல் எழுதுவார்க்கு மட்டுமின்றி மொழித்துறையார்க்கும் இன்று உண்டு. அம்முறையில், பொதுப் பதிவினின்று விலக்கத்தக்கவற்றை விலக்கும் விதிகளை எங்கு எழுதுவது, ஒருவர் தமக்கென வகுத்துக்கொள்ளும் அமைவுகளை எங்கு வைப்பது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். விலக்கப்பட்ட கோப்பு காக்கப்பட்ட கோப்பு அன்று என்பதனையும் சற்று விரித்துக் கூறக் கருதுகின்றேன். அதனை யான் நூல்வழி அறியாது இழப்பின் வழியே அறிய நேர்ந்தது.

கோப்பின் மாற்றங்களை முறையாகப் பதிந்துவைக்கும் எண்ணம் புதியது அன்று. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.சி.சி.எஸ். என்னும் முறை தோன்றியது. 1982இல் பர்டூ பல்கலைக்கழகத்தினின்று ஆர்.சி.எஸ். வெளிவந்தது. அவ்விரண்டும் கோப்புகளைத் தனித்தனியே பேணின. பின்வந்த சி.வி.எஸ்., சப்வெர்ஷன் என்பன கோப்புறை முழுவதனையும் ஒன்றாக நோக்கின. கோப்புறை முழுவதும் நோக்கப்பட்ட அந்நிலையிலேதான், ‘இதனை நோக்காதே’ என்று கூறும் விதிக்குத் தேவை பிறந்தது என்பது நினையத்தக்கது. பின்னர் 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் லினஸ் தோர்வால்ட்ஸ் என்பார், லினக்ஸ் கருநிரலைப் பேணுதற்பொருட்டுக் கிட் முறையை ஆக்கினார். அவர்கள் அதுகாறும் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் மென்பொருளின் இலவச உரிமை நீக்கப்பட்டமையே அதற்கு உடனடிக் காரணமாகும். முன்னை முறைகள் பலவற்றில் வரலாறு முழுவதும் நடுவிடம் ஒன்றில் இருந்தது. கிட் முறையிலோ ஒவ்வொருவர் கையிலும் வரலாறு முழுவதையும் கொண்ட படி ஒன்று உள்ளது. இவ்வேறுபாடு நம் பொருளுக்கு இன்றியமையாதது. படி பலவாயின், எல்லாப் படிக்கும் பொதுவானது, இப்படிக்கு மட்டும் உரியது, இவ்வாளுக்கு மட்டும் உரியது என்னும் பகுப்புத் தானே எழும்.

கிட் முறையால் பேணப்படும் கோப்புறையைக் களஞ்சியம் என்போம். அதனுள் இருக்கும் கோப்புகள் மூவகைப்படும். பதிவிற்குட்பட்டவை ஒருவகை, பதிவிற்குட்படாது கிட் காணுமாறு கிடப்பவை ஒருவகை, காணினும் காணாததுபோல் விடுமாறு நாம் விதித்தவை ஒருவகை. மூன்றாவதனை விலக்குண்டவை எனலாம். விலக்கு விதி ஒரு வரியில் எழுதப்படும் ஒரு கோலம். அக்கோலத்திற்குப் பொருந்தும் பெயருடைய கோப்புகள் விலக்குண்ணும். உடுக்குறி, சாய்கோடு நீங்கலாக எவ்வெழுத்துகட்கும் எத்துணை எழுத்துகட்கும் நிற்கும். இறுதியிற் சாய்கோடு வரின் விதி கோப்புறைக்கே உரியதாகும். முதலிலேனும் இடையிலேனும் சாய்கோடு வரின் விதிக்கோப்பு இருக்குமிடத்தோடு பொருத்தி நோக்கப்படும். கோலங்களைப் பற்றி இவ்வளவே ஈண்டுப் போதும். அவை கற்றற்கு எளியன. கற்றார் பிழைபடுவது பெரும்பாலும் விதியை வைக்கும் இடத்திலேயாகும்.

விதி வைக்கும் இடம் மூன்று. முதலாவது, புள்ளியை முன்னே கொண்ட ‘கிட்இக்னோர்’ என்னும் பெயருடைய கோப்பு. இது களஞ்சியத்தின் எக்கோப்புறையிலும் இருக்கலாம்; தானும் பதிவிற்குட்பட்டு, படியெடுப்பார் எல்லார்க்கும் செல்லும். இரண்டாவது, களஞ்சியத்தின் உள்ளே கிட் தன் வரலாற்றை வைத்திருக்கும் மறைகோப்புறையில் ‘இன்ஃபோ’ என்னும் பிரிவின்கண் உள்ள ‘எக்ஸ்குளூட்’ என்னும் கோப்பு. இது அப்படியிலேயே தங்கிவிடும். பிறர் படிக்குச் செல்லாது. மூன்றாவது, பயனரின் இல்லக் கோப்புறையில் இருப்பது. அக்கணினியில் அவர் கையாளும் களஞ்சியம் அனைத்திற்கும் இது பொருந்தும். இதன் இருப்பிடத்தை ‘கோர்.எக்ஸ்குளூட்ஸ்ஃபைல்’ என்னும் அமைவினால் நாமே குறிக்கலாம். குறியாவிடின், இல்லக் கோப்புறையிலுள்ள ‘கான்ஃபிக்’ என்னும் மறைகோப்புறையில் ‘கிட்’ என்னும் பிரிவில் ‘இக்னோர்’ என்னும் கோப்பினைக் கிட் தானே தேடிக்கொள்ளும். பெரும்பாலோர் இதனை அறியாமையால், இல்லாத கோப்பிற்கு அமைவு எழுதுவதும், எழுதிய அமைவை மறப்பதும் நிகழ்கின்றன.

இம்மூன்றனுள் எதனை எங்கு வைப்பது என்பதற்குக் கிட்டின் கையேடே அளவுகோல் தந்துள்ளது. அதன் கருத்தை நம் வழக்கில் வைத்து நோக்குவாம். மூவர் கூடி ஒரு நூலைப் பதிப்பித்து, லேடெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலால் பக்கம் ஆக்குகின்றனர் என்று கொள்க. பக்கம் ஆக்குந்தோறும் ‘ஆக்ஸ்’, ‘லாக்’, ‘டாக்’ என்னும் ஈறுடைய இடைக்கோப்புகள் தோன்றும். இவை பணியினால் பிறப்பவை. மூவருள் யார் பக்கம் ஆக்கினும் பிறக்கும். ஆதலின் இவற்றை விலக்கும் விதி பொதுக்கோப்பில் இருத்தலே முறை. இனி, மூவருள் ஒருவர் மாக் கணினியர். அவர் கோப்புறையைத் திறந்த அளவில் ‘டிஎஸ்-ஸ்டோர்’ என்னும் மறைகோப்பு தோன்றிவிடுகின்றது. மற்றொருவர் இமேக்ஸ் என்னும் எழுதுகருவியை ஆள்பவர். அது கோப்பின் பெயரோடு அலைக்குறி சேர்த்துப் பழம்படி ஒன்றை விட்டுச்செல்லும். மூன்றாமவர் விம் என்பதனை ஆள்பவர். அது ‘ஸ்வப்’ என்னும் ஈறுடைய கோப்பை ஆக்கும். இவை பணியினால் பிறந்தவை அல்ல. ஆளினாலும் அவர் கருவியினாலும் பிறந்தவை. இவற்றை விலக்கும் விதி அவரவர் இல்லக் கோப்பில் இருத்தல் வேண்டும். இறுதியாக, அம்மூவருள் ஒருவர் இவ்வொரு நூலைப் பதிப்பிக்கும்போது மட்டும் தம் ஐயங்களைக் குறித்துவைக்கும் கோப்பொன்றை அக்களஞ்சியத்தினுள்ளே வைத்திருப்பின், அதற்குரிய இடம் ‘எக்ஸ்குளூட்’ கோப்பேயாகும்.

நடைமுறையில் நாம் காண்பது வேறு. ஒருவர் தம் எழுதுகருவியின் கழிவை விலக்கப் பொதுக்கோப்பில் ஒரு வரி சேர்க்கின்றார். அடுத்தவர் தம்முடையதைச் சேர்க்கின்றார். சில ஆண்டுகளில் பொதுக்கோப்பு, அப்பணியில் இருந்து விலகிப்போனார் தம் கருவிகளின் பெயர்ப்பட்டியாகவே மாறிவிடுகின்றது. எவ்வரி இன்னும் வேண்டப்படுகின்றது, எது வேண்டா என்று துணிந்து கூறுவார் பின்னர் ஒருவரும் இரார்; அஞ்சி, எல்லாவற்றையும் வைத்துக்கொள்வர். சிலர், புதிதாய் வருவார்க்கு இல்லக் கோப்பைப் பற்றி அறிவுறுத்துவதினும் பொதுக்கோப்பில் எல்லாக் கருவியையும் விலக்கிவைத்தலே எளிது என்பர். சிறு குழுவில் அது பெருந்தீங்கு செய்யாது என்பது உண்மையே. ஆயினும், கருவி எத்தனை உலகில் உளவோ அத்தனையும் ஒரு நூலின் களஞ்சியத்தில் எழுதப்பட வேண்டுவதில்லை என்பதே என் துணிபு. கிட்ஹப் நிறுவனத்தார் தொகுத்து வைத்துள்ள விலக்கு விதி மாதிரிகளிலும் இயக்க அமைப்பிற்கும் எழுதுகருவிக்கும் உரியவை ‘குளோபல்’ என்னும் தனிக்கோப்புறையில் பிரித்தே வைக்கப்பட்டுள்ளன.

தனியாள் விலக்கு என்பது கிட்டிற்கே உரிய புதுமையும் அன்று. சி.வி.எஸ். முறையிலேயே பயனரின் இல்லக் கோப்புறையில் விலக்குக் கோப்பு ஒன்று வைக்க இடமிருந்தது. சப்வெர்ஷன் முறையில் பொதுவிதி கோப்புறையின் பண்பாகவும், தனிவிதி பயனரின் அமைவுக் கோப்பிலும் நின்றன. இவ்வாறு முறைதோறும் இப்பகுப்புத் திரும்பத் திரும்பத் தோன்றியிருத்தல் கருதத்தக்கது.

இம்மூன்றிடத்து விதிகளும் தம்முள் முரணின் எது வெல்லும்? கட்டளையோடு உடன் எழுதப்பட்ட விதி முதலில் வெல்லும். அடுத்து, கோப்பிற்கு அணித்தாயுள்ள ‘கிட்இக்னோர்’ வெல்லும். உட்கோப்புறையில் உள்ளது மேற்கோப்புறையில் உள்ளதனை வெல்லும். அதன் பின்னரே ‘எக்ஸ்குளூட்’. இறுதியிலேதான் இல்லக் கோப்பு. ஓரிடத்து விதிகளுள்ளே பின்வந்ததே வலியுடைத்து. ஆகவே, பொதுக்கோப்பு விலக்கியதனைத் தம் இல்லக் கோப்பில் மீட்க முயல்வார் முயற்சி பயன்படாது. இவ்விடத்தே ஒரு முரணினைச் சுட்டாமல் இருத்தற்கில்லை. கோப்புகளின் இயல்புகளைக் குறிக்கும் ‘கிட்அட்ரிபியூட்ஸ்’ என்னும் உடன்பிறப்புக் கோப்பில் இம்முறை மாறி நிற்கின்றது; அங்கே படியில் மட்டும் தங்கும் ‘இன்ஃபோ’ பிரிவின் கோப்பே எல்லாவற்றினும் வலியுடையது. ஒரே முறையில் ஒருமருங்கு பொதுவும் மற்றொரு மருங்கு தனியும் வெல்லுதல் கற்பார்க்கு மயக்கம் தருவதே.

விலக்கியதனுள் ஒருபகுதியை மீட்பதற்கு வியப்புக்குறி முன்னிட்ட விதி உதவும். தொல்காப்பிய உரையாசிரியர் ‘எய்தியது ஒருமருங்கு மறுத்தல்’ என்று கூறும் இயல்பு இதற்கு முற்றும் பொருந்தும். லினக்ஸ் கருநிரலின் பொதுக்கோப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புள்ளியை முதலாக உடைய பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே விதியால் விலக்கிவிட்டு, பின்னர் ‘கிட்இக்னோர்’, ‘மெயில்மேப்’ முதலிய சிலவற்றைப் பெயர் குறித்து மீட்கின்றது. உட்கோப்புறை ஒன்றில் மட்டும் தோன்றும் கோப்பிற்கு விதியினை அவ்வுட்கோப்புறையின் விலக்குக் கோப்பிலேயே எழுதுக என்ற அறிவுரையும் அதன் தலைப்பில் உள்ளது.

ஆயின் இம்மீட்பிற்கு ஓர் எல்லை உண்டு. கோப்புறை ஒன்று முழுவதும் விலக்குண்ணுமாயின் அதனுள் இருக்கும் கோப்பினை வியப்புக்குறி விதியால் மீட்டல் இயலாது. காரணம் யாதெனின், விலக்குண்ட கோப்புறையின் உள்ளே கிட் புகுந்து பார்ப்பதே இல்லை. விரைவு கருதி வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. ‘படங்கள்’ என்னும் கோப்புறையை விலக்கி, அதனுள் ‘அட்டை’ என்னும் படத்தை மட்டும் மீட்க வேண்டுவோர், கோப்புறையை விலக்காது அதன் உட்பொருள்களை உடுக்குறியால் விலக்கி, அதன்பின் அட்டைப் படத்தை மீட்டல் வேண்டும். விதி எங்கே பற்றுகின்றது என்று ஐயுறுவோர்க்குக் ‘கிட் செக்-இக்னோர்’ என்னும் ஆணை உண்டு. அதனோடு ‘வி’ என்னும் குறியைச் சேர்த்துக் கோப்பின் பெயரைத் தரின், எக்கோப்பின் எத்தனையாவது வரியால் அது விலக்குண்டது என்று அவ்வாணை விடைகூறும். பொறுமையோடு அதனைக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் பூசல்கள் பல.

புள்ளிப் பெயர்களைக் குறித்து ஒரு சிறு செய்தி. பெயரின் முதலிற் புள்ளி இட்ட கோப்பு மறைந்து நிற்பது யூனிக்ஸ் வழக்கம். இது திட்டமிட்டு வகுக்கப்பட்டது அன்று என்று ராப் பைக் என்பார் 2012ஆம் ஆண்டில் எழுதினார். ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் ஆகிய இரு சிறப்புப் பெயர்களைப் பட்டியலில் காட்டாதிருக்க விரும்பியவர்கள், பெயரின் முதலெழுத்துப் புள்ளியா என்று மட்டும் சோதித்துச் சுருக்கிவிட்டனர். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயரும் மறைந்தன. மறைந்த இடத்தில் அமைவுக் கோப்புகள் குடியேறின என்பது அவர் கூற்று. இன்று நம் இல்லக் கோப்புறைகளில் கண்ணுக்குப் புலனாகாது குவிந்து கிடப்பவற்றை நோக்கும்போது, ஒரு சோம்பல் எத்துணை நீண்ட வழக்காயிற்று என்னும் வியப்பே மிகுகின்றது.

இனி, விலக்கு விதி எதனைச் செய்யாது என்பதனை நோக்குவாம். முதலாவதாக, பதிவிற்குட்பட்டுவிட்ட கோப்பினை அது தீண்டாது. கடவுச்சொல் எழுதப்பட்ட அமைவுக் கோப்பு ஒருமுறை பதிவாகிவிட்டது. பிழை உணர்ந்தவர் அதன் பெயரை விலக்குக் கோப்பில் எழுதுகின்றார். தீர்ந்தது என்று எண்ணுகின்றார். ஒன்றும் தீரவில்லை. கோப்பு முன்போலவே பதிவில் நிற்கும். மாற்றங்களும் முன்போலவே நோக்கப்படும். ‘கிட் ஆர்எம்’ என்னும் ஆணையை ‘கேஷ்ட்’ என்னும் குறியோடு தந்து அதனைப் பதிவினின்று நீக்கலாம். நம் கணினியில் கோப்பு அழியாது நிற்கும். ஆயினும் அந்நீக்கத்தைப் பெற்றுக்கொள்ளும் பிறர் படிகளில் அக்கோப்பு அழிந்துபோம் என்பதனை முன்னரே அவர்கட்கு உரைத்தல் கடன். அதன் பின்னும் பழைய பதிவுகளில் கடவுச்சொல் இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு படியிலும் இருக்கும். ஆகவே, செய்யத்தக்க முதற்செயல் கடவுச்சொல்லை மாற்றுதலே. வரலாற்றைத் திருத்தி எழுதுதல் அதன் பின்னரே.

இரண்டாவது, யான் முன்னர்க் குறித்த இழப்பு. ஒரு பதிப்புப் பணியில், ஐந்து சுவடிகளின் பாடங்களை ஒப்புநோக்கியபோது எழுந்த ஐயங்களை ‘குறிப்பு’ என்னும் பெயருடைய கோப்பில் நாடோறும் எழுதிவந்தேன். அது பிறர்க்கு வேண்டாதது, அரைகுறையானது, சில இடங்களில் உடன்பணியாற்றுவோரின் வாசிப்பைக் குறித்துச் சற்றுக் கடுமையாகவும் எழுதப்பட்டது. ஆதலின், முறைப்படியே ‘எக்ஸ்குளூட்’ கோப்பில் அதன் பெயரை எழுதி விலக்கினேன். இரண்டு திங்கள் கழிந்தன. உடன்பணியாற்றுவோர் ஒருவர், என் கோப்பினை அறிய வழியின்றி, தம் கிளையில் அதே இடத்தில் அதே பெயரால் அச்சகத்தார்க்கு உரிய குறிப்பு ஒன்றை எழுதிப் பதிவு செய்திருந்தார். யான் அவர் கிளையைப் பார்க்கும்பொருட்டு அதற்கு மாறினேன். கிட் ஒன்றும் கூறவில்லை. என் கோப்பு இருந்த இடத்தில் அவருடைய ஒன்பது வரிகள் இருந்தன.

பிழை கிட்டினுடையது என்றே முதலில் எண்ணினேன். கையேட்டை நோக்கியபோது, அது தன் இயல்பின்படியே நடந்துள்ளது என்பது புலனாயிற்று. விலக்கு விதி எழுதப்படாத, பதிவிலும் சேராத கோப்பொன்று அவ்விடத்தில் இருந்திருப்பின், கிளை மாறுதற்குக் கிட் உடன்பட்டிராது. ‘இக்கோப்பு அழிந்துவிடும்’ என்று எச்சரித்து நின்றிருக்கும். விலக்குண்ட கோப்பையோ அது இழக்கத்தக்கதாகவே கொள்கின்றது. மீண்டும் ஆக்கிக்கொள்ளக்கூடிய இடைக்கோப்பு என்பதே அதன் கருத்து. கிளை மாறும்போது விலக்குண்ட கோப்பின்மேல் உரையாது எழுதுதல் அதன் இயல்பு நிலையாகும். ‘நோ-ஓவர்ரைட்-இக்னோர்’ என்னும் குறியைத் தந்தாலன்றி அது மாறாது. அங்ஙனமே ‘கிட் கிளீன்’ என்னும் துடைப்பாணையோடு சிற்றெழுத்து ‘எக்ஸ்’ குறியைச் சேர்ப்பின் விலக்குண்டவையும் துடைக்கப்படும். ‘என்’ என்னும் குறியைத் தந்து, எவையெவை அழியும் என்று முன்னர்க் கேட்டறிதல் நன்று. இங்ஙனம், என் குறிப்பினை யான் விலக்காதே விட்டிருப்பின் அது பிழைத்திருக்கும். ‘விலக்கு’ என்று யான் கூறியதனை, ‘இது போயினும் போகுக’ என்று கிட் கேட்டது.

ஆதலின், விலக்கு விதி எழுதுவார் ஒவ்வொரு கோப்பையும் குறித்து இரண்டு வினா எழுப்புதல் வேண்டும். இது யாருடையது என்பது ஒன்று. இது போயின் மீண்டும் பிறக்குமா என்பது மற்றொன்று. முதல் வினா விதியின் இடத்தைத் தரும். இரண்டாவதற்கு ‘பிறவாது’ என்பது விடையாயின், அக்கோப்பு அக்களஞ்சியத்தினுள் இருத்தலே தவறு.

அமைவுக் கோப்புகளுக்கு வருவோம். கிட் தன் அமைவினை அடுக்கடுக்காகப் படிக்கின்றது. கணினி முழுவதற்கும் உரியது, பயனர்க்கு உரியது, களஞ்சியத்திற்கு உரியது என்பன முறையே படிக்கப்படும். பின்னர்ப் படிக்கப்பட்டது முன்னதனை வெல்லும். ஓர் அமைவு எங்கிருந்து வந்தது என்பதனை அறிதற்குக் ‘கிட் கான்ஃபிக்’ ஆணையோடு ‘ஷோ-ஆரிஜின்’ என்னும் குறியைச் சேர்க்கலாம். விலக்குக் கோப்பினைப் போன்று அமைவுக் கோப்பும் படியோடு செல்லுமோ என்றால், செல்லாது. இது குறையன்று, காவலே. அமைவின் வாயிலாக எந்நிரலை இயக்குவது என்றும் கட்டளையிட இயலும்; பிறர் களஞ்சியத்தைப் படியெடுத்த அளவில் அவர் வகுத்த நிரல் நம் கணினியில் இயங்குமாயின் கேடு சொல்லுந்தரத்தன்று. பலர் ஒரு கணினியை ஆளுமிடத்தில் இக்கேடு வேறுவழியாகவும் புகக்கூடும் என்று கண்டமையால், 2022ஆம் ஆண்டு முதல், பிறர்க்கு உரிமையான கோப்புறையில் உள்ள களஞ்சியத்தைக் கிட் இயல்பாக ஏற்பதில்லை, ‘சேஃப்.டைரக்டரி’ என்னும் தனியாள் அமைவில் நாம் அதனை நம்பத்தக்கது எனக் குறித்தல் வேண்டும்.

பொதுக் கணினியில் மற்றுமோர் இடர் உண்டு. பதிவு செய்வாரின் பெயரும் மின்னஞ்சலும் அமைவினின்றே எடுக்கப்படுகின்றன. துறைக் கணினியில் முன்னர் அமர்ந்தவர் தம் பெயரைப் பயனர் அமைவில் எழுதிச் சென்றிருப்பின், பின்னர் அமர்ந்தவர் செய்த திருத்தம் அனைத்தும் முன்னவர் பெயராலேயே வரலாற்றில் நிற்கும். ஒரு பாடத்தைத் திருத்தியவர் யார் என்பது பதிப்புத்துறையில் சிறுசெய்தி அன்று. ‘யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி’ என்னும் அமைவை மெய்யெனக் குறித்துவிட்டுப் பயனர் அமைவினின்று பெயரையும் மின்னஞ்சலையும் நீக்கின், கிட் தானே பெயரூகிக்காது, களஞ்சியந்தோறும் நம்மைக் கேட்கும். ஒருவரே அலுவற்பணிக்கு ஒரு முகவரியும் தம் பணிக்கு மற்றொரு முகவரியும் கொள்ள விரும்பின், 2017இல் வந்த ‘இன்குளூட்இஃப்’ என்னும் அமைவு உதவும். இக்கோப்புறையின்கீழ் உள்ள களஞ்சியங்கட்கு இவ்வமைவைப் படி என்று அதன்வழி விதிக்கலாம்.

தமிழில் கோப்புப் பெயர் இடுவார் அறியவேண்டுவன இரண்டு உள. முதலாவது, தமிழ்ப் பெயருடைய கோப்பினைக் கிட் இயல்பாகத் தமிழிற் காட்டாது. மேற்கோட்குறியினுள்ளே எண்வரிசையாகக் காட்டும். ககரம் ஒன்றே 340, 256, 225 என்னும் மூன்று எண்ணாக, இடையே சாய்கோடுகளோடு தோன்றும். ‘கோர்.கோட்பாத்’ என்னும் அமைவைத் தம் பயனர் அமைவில் பொய்யெனக் குறித்தால் பெயர் தமிழாகவே தோன்றும். இது காண்பார் கண்ணுக்கு உரிய அமைவாதலின் தனியாள் கோப்பே இதற்கு இடம். இரண்டாவது நுட்பமானது. ஒகர, ஓகார உயிர்மெய்களை ஒருங்குறியில் இருவாறு எழுதலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பைத் தனிக்குறியாகவும் காலைத் தனிக்குறியாகவும் அடுத்தடுத்தும் எழுதலாம். ‘தொகுப்பு’ என்னும் சொல் இரண்டு வழியாலும் கண்ணுக்கு ஒன்றே. கிட்டிற்கோ இரண்டும் வேறு, அது எழுத்தின் வடிவை நோக்காது பைட்டு வரிசையையே ஒப்பிடுவதனால். விதியில் ஒருவகையாகவும் கோப்புப் பெயரில் மற்றொரு வகையாகவும் எழுதப்பட்டிருப்பின் விலக்கு நிகழாது. பிழையையும் கண்ணால் காண இயலாது. இத்தகைய இடத்தில், பெயரை மீண்டும் தட்டெழுதாது, கோப்பின் பெயரையே படியெடுத்து விதியில் ஒட்டுதல் தக்கது.

பணிக்கு இன்றியமையாததாயினும் ஆள்தோறும் வேறுபடும் அமைவுக் கோப்புகள் சில உண்டு. அச்சுநிரலுக்கு எழுத்துரு இருக்குமிடத்தைக் கூறும் கோப்பு அத்தகையது. அவ்விடம் ஒவ்வொருவர் கணினியிலும் வேறு. இதனைப் பதிவு செய்யின், ஒவ்வொருவரும் தம் இடத்தை எழுத, அடுத்தவர் பணி நின்றுபோம். பதிவு செய்யாவிடின் புதிதாய் வருவார்க்கு என்ன எழுதுவது என்று தெரியாது. இவ்விடத்தில் ‘அசியூம்-அன்சேஞ்ச்டு’, ‘ஸ்கிப்-வர்க்ட்ரீ’ என்னும் இரண்டு குறிகளைச் சிலர் பரிந்துரைப்பர். பதிவிற்குட்பட்ட கோப்பின் மாற்றத்தைக் கிட் காணாதிருக்கச் செய்ய இவை உதவும் என்பது அவர் கருத்து. இவை அப்பொருட்டு ஆக்கப்பட்டவை அல்ல. கிட்டின் கையேடே இவற்றை இதற்குப் பயன்படுத்தற்க என்கின்றது. கிளை மாறும்போதும் இணைக்கும்போதும் இவை எதிர்பாராத வகையில் தடைசெய்யும். குறியிட்டதனையே மறந்துவிட்ட ஒருவர், தம் திருத்தம் ஏன் பதிவாகவில்லை என்று நெடுநேரம் தேடுவர். ஏற்ற வழி, ‘மாதிரி’ என்னும் பெயரோடு வெற்று அமைவுக் கோப்பு ஒன்றைப் பதிவில் வைத்து, உண்மைக் கோப்பினைப் பொதுவிதியால் விலக்கி, ஒவ்வொருவரும் மாதிரியைப் படியெடுத்துத் தம்முடையதை எழுதிக்கொள்ளுதலேயாம். உண்மைக் கோப்பு ஆளுக்கு உரியது எனினும், அதன் பெயர் பணியினால் வருவது. ஆதலின் விலக்கு விதி பொதுக்கோப்பில் நிற்கும். இங்ஙனம் ஆக்கிய கோப்பு அழியினும் மாதிரியினின்று மீண்டும் எழுதிக்கொள்ள இயலும்.

ஒருவர்தம் இல்லக் கோப்பில் உள்ள விலக்கு விதிகளும் அமைவுகளும், கணினி பழுதாயின் அவரோடு இருப்பனவல்ல. ஆகவே அவற்றையே தனிக் களஞ்சியமாக்கிப் பேணுவார் உளர். இல்லக் கோப்புறையையே களஞ்சியமாக்குவோர், உடுக்குறி ஒன்றால் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு வேண்டியவற்றை மட்டும் வலிந்து சேர்ப்பர். வேறு சிலர் அமைவுகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, இல்லக் கோப்புறையினின்று அவற்றிற்கு இணைப்பு இடுவர். யான் பின்னதனையே மேற்கொண்டுள்ளேன். இல்லக் கோப்புறை முழுவதும் ஒரு களஞ்சியமாகுமிடத்து, அதனுள் வேறு களஞ்சியமல்லாத எக்கோப்புறையில் நின்று கிட் ஆணை தரினும் அது அப்பெருங்களஞ்சியத்தையே பற்றிக்கொள்ளும். கடவுச்சொல் அடங்கிய கோப்பு இவ்விரண்டு முறையிலும் சேர்க்கத்தக்கது அன்று.

என் பாடக்குறிப்புகள் இப்பொழுது பதிப்புக் களஞ்சியத்திற்கு வெளியே, தமக்கென ஒரு சிறு களஞ்சியத்தில், நாடோறும் பதிவாகின்றன. பழைய கோப்பின் உள்ளடக்கத்தில் ஏறத்தாழப் பாதியை ஐந்து சுவடிகளையும் மறுபடி நோக்கி எழுதிக்கொண்டேன். எஞ்சியவற்றுள் மூன்று ஐயங்கள் எவை என்பது மட்டும் இன்னும் நினைவிற்கு வரவில்லை.